ரெஃபியூஜியத்துக்கு மணல்: 3 சென்ரிமீற்றரா, 12 சென்ரிமீற்றரா?

வணக்கம். இண்டைக்குக் கடல்மீன் தொட்டியின்ர ரெஃபியூஜியத்துக்கு, அதாவது பாசியும் குட்டி உயிர்களும் வளர விடுற தனி அறைக்கு, மணல் போடப் போறம். பெரிய தொட்டிக்குக் கீழ இருக்கிற சம்பு எண்ட வடிகட்டித் தொட்டிக்குள்ள தெரியுற இந்த நடு அறைதான் இடம். நீளம் 40 சென்ரிமீற்றர், அகலம் 30, தண்ணி நிக்கிற உயரம் 25. ஆக 30 லீற்றர்.

மணல் வாங்க முதலே ஆழத்தை முடிவெடுங்கோ. ஒண்டில் 2, 3 சென்ரிமீற்றர், இல்லாட்டி 10க்கு மேல. இடையில 6, 7 எண்டு விடாதேங்கோ. அந்த ஆழத்தில ஒட்சிசன் இல்லாத படை உறுதியா வராது, அழுக்கை உறிஞ்சி எடுக்கிறதும் கஷ்டம்.

ஆழமான மணலில மேல் படையில இருக்கிற பக்ரீரியா ஒட்சிசனை முடிச்சுப்போடும். அதுக்குக் கீழ இருக்கிறது மீன் கழிவால சேருற நைத்திரேற்றில இருந்து ஒட்சிசனை எடுத்து, நைதரசனை வாயுவா வெளியில விடும். சில மாசம் போக, கண்ணாடியோட ஒட்டி மணலுக்குள்ள குட்டிக் குமிழி தெரிஞ்சா அந்த வேலை நடக்குது. ஆனா இந்தளவு சின்ன அறையில நைத்திரேற்றைக் குறைக்கிற பெரிய பங்கு கீட்டோ எண்ட பச்சைக் கடற்பாசிக்குத்தான். அதால கனபேருக்கு நான் 3 சென்ரிமீற்றர் தான் சொல்லுவன். கோப்பிபொட் எண்ட குட்டி நீர்ப்பூச்சியும் புழுவும் குடியிருக்க அது காணும்.

கணக்கு லேசு. 40 தர 30 தர 3, ஆயிரத்தால பிரிச்சா 3.6 லீற்றர். அரகோனைட் எண்ட சுண்ணாம்பு மணல் ஒரு லீற்றர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும். ஆக ஐஞ்சரைக் கிலோ போதும். 12 சென்ரிமீற்றர் எண்டா 21, 22 கிலோ வேணும். அப்ப பாசிக்கு மிஞ்சிற உயரம் 13 தான், அதையும் யோசியுங்கோ.

பருமன் முக்கியம். சீனிக் குருணி அளவு, அரை மில்லிமீற்றர் தொடக்கம் ஒண்டு வரை. பருமன் கூடினா அழுக்கு இடுக்குக்குள்ள இறங்கி அங்கயே அழுகும். மா மாதிரி இருந்தா தண்ணி ஓட்டத்தில கிளம்பி பம்புக்குள்ள போகும்.

“மணற்காட்டில மலை மலையா மணல் கிடக்கே, அள்ளினா என்ன?” எண்டு கேப்பீங்கள். அது பெரும்பாலும் படிகக்கல் மணல், அரகோனைட் இல்லை. ஒரு கரண்டி மணலில வினாகிரி விட்டுப் பாருங்கோ: சுண்ணாம்பு மணல் நல்லா நுரைக்கும், படிகக்கல் சும்மா கிடக்கும். கறுப்புக் கோடு தெரிஞ்சா காந்தம் பிடியுங்கோ. புல்மோட்டைப் பக்கத்து இல்மனைற்று போல இரும்புக் கனிமம் கலந்த மணல் தொட்டிக்கு வேண்டாம். கடற்கரையில மணல் அள்ள அனுமதி வேணும், பவளக்கல் எடுக்கிறதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்குது. பையில வாற அரகோனைட்டை வாங்குங்கோ.

இப்ப கழுவுவம். வாளியில பாதிக்கு மணல், கையால கிளறி, கலங்கல் தண்ணியை ஊத்துங்கோ. ஏழெட்டுத் தரம் வேணும். முதல் கழுவல்களுக்குக் கிணத்துத் தண்ணி பாவிக்கலாம், கடைசி ரெண்டும் கட்டாயம் ஆர்ஓ வடிகட்டியால சுத்தமாக்கின தண்ணி. வலிகாமத்துக் கிணறு கனக்கத்தில தோட்டத்து உரத்தால நைத்திரேற்று இருக்கு. அதைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடும்! பிறகு கொஞ்ச மணலை உப்புத் தண்ணியில ஒரு நாள் ஊறவைச்சு பொசுபேற்று அளந்து பாருங்கோ. கூடக் காட்டினா திரும்பவும் கழுவுங்கோ.

போடேக்க பம்பை நிப்பாட்டுங்கோ. அகலமான பிளாஸ்ரிக் குழாய் ஒண்டை அடிவரைக்கும் விட்டு, அதுக்குள்ளால மணலை இறக்கினா கலங்கிறது குறையும். தண்ணி நிரப்பேக்க மணலுக்கு மேல ஒரு பீங்கானை வைச்சு அதில விழுத்துங்கோ. பழைய தொட்டி மணல் ஒரு கோப்பை கிடைச்சா மேலால தூவுங்கோ, பக்ரீரியாவும் பூச்சியும் அதோட வரும். கலங்கல் ஒரு நாள், ரெண்டு நாளில அடங்கும். அடங்கின பிறகுதான் பம்ப். இந்த அறைக்குள்ளால மணித்தியாலத்துக்கு 150 லீற்றர் அளவில ஓடினாக் காணும்.

மணல் மட்டத்துக்குக் கீழ வெளிக் கண்ணாடியில கறுப்பு ரேப் ஒட்டுங்கோ. வெளிச்சம் பட்டா உள்ள சிவப்புப் பாசி பிடிக்கும்.

பிழைக்கிறது பெரும்பாலும் அழுக்கால. மேல் தொட்டித் தண்ணி வடிதுணிப் பைக்குள்ளால வந்துதான் இந்த அறைக்குள்ள போகோணும். அந்தப் பையை மூண்டு நாலு நாளுக்கு ஒருக்கா கழுவுங்கோ. 3 சென்ரிமீற்றர் மணலெண்டா மாசம் ஒருக்கா கால்வாசி இடத்தை மட்டும் குழாயால உறிஞ்சுங்கோ. முழுக்கச் செய்தா பூச்சியெல்லாம் போயிடும்.

ஆழமான மணலைக் கிண்டவே வேண்டாம். கறுப்புத் திட்டு, கூழ்முட்டை மணம் எண்டா அது ஐதரசன் சல்பைட்டு. கிளறினா மீனைக் கொல்லும். தொட்டியை இடம் மாத்தேக்கயும் மேல் 2 சென்ரிமீற்றரை மட்டும் வழிச்சு எடுத்து, மிச்சத்தைக் கொட்டிப்போட்டுப் புது மணல் போடுங்கோ. இந்தக் காரணத்துக்காகத்தான், ஆழம் வேணுமெண்டு நிக்கிறாக்களுக்கு மணலைத் தூக்கி எடுக்கக்கூடிய பிளாஸ்ரிக் பெட்டியில போடச் சொல்லுறன்.

கறண்ட் போனா மணல் ஒட்சிசன் குடிக்கிறதை நிப்பாட்டாது. எங்கட வெக்கையில தண்ணி 30 பாகைக்குப் போனா கரைஞ்சிருக்கிற ஒட்சிசனே குறைவு. அதால பற்றரியில ஓடுற காத்துப் பம்ப் ஒண்டை பெரிய தொட்டிக்குள்ளயும், இன்னொண்டை இந்த அறைக்குள்ளயும் வையுங்கோ.