மேல்வீட்டு நாற்காலியும் என் 2 வெள்ளி 18 காசும்

வணக்கம், வணக்கம். ஆமாம், இன்றைக்கும் சமையலறையில்தான். ஹாலில் அவர் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதைப் பற்றி ஆரம்பித்தால் வீடியோ அதிலேயே முடிந்துவிடும். கையில் கோப்பி ஓ கோசோங், பாலும் சீனியும் போடாத கறுப்புக் கோப்பி, கைப்பிடி உடைந்த அதே கோப்பை. புதுசு வாங்குங்கள் என்று எழுதுகிறவர்களுக்கு: வாங்க மாட்டேன்.

ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்கிறேன், கேளுங்கள்.

கேட்டதா? ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தானே? அதுதான் விஷயம்! ஐந்து ராத்திரியாக இப்படித்தான். போன வீடியோவில் அழாத குறையாகச் சொன்னேனே, ராத்திரி பதினொன்றேகால் ஆனால் மேலே யாரோ நாற்காலியை க்ர்ர்ர் என்று இழுக்கிறார்கள் என்று, அது நின்றுவிட்டது.

அந்த வீடியோவுக்குக் கீழே நீங்கள் எழுதிய யோசனைகளையும் படித்தேன். பாதிப் பேர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிக்கச் சொல்கிறீர்கள். இடித்தால் மேலே இருப்பவருக்கு யார் இடிக்கிறார், எதற்கு இடிக்கிறார் என்று என்ன தெரியும்? பதிலுக்கு மிதிப்பார். மீதிப் பேர் லிஃப்டில் சீட்டு ஒட்டச் சொல்கிறீர்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இரண்டு. ஒன்று, இந்தப் பெயர் போடாத லிஃப்ட் சீட்டு. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒன்று இன்னும் தொங்குகிறது, "சில பேருக்கு அறிவே இல்லை" என்று ஆரம்பிக்கும். படிக்கிற ஒவ்வொருவரும் அது பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். இரண்டாவது, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று பேச்சைத் தொடங்குகிறவர்கள். அதைக் கேட்டதுமே நான் தப்பாக நினைக்கத் தயாராகிவிடுவேன்.

ஒருவர் சமூகச் சமரச நிலையத்துக்குப் போகச் சொல்லியிருந்தார். அது நல்ல யோசனை, நான் குறை சொல்லவில்லை. 1998இலிருந்து இருக்கிறது, பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பேச வைப்பார்கள். ஆனால் நான் இன்னும் கதவைக்கூடத் தட்டவில்லையே, அதற்குள் எதற்கு? முதலில் நேரில் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

பேசுவதற்கு முன்னால் கடைக்குப் போனேன். நாற்காலிக் காலுக்கு அடியில் ஒட்டுவார்களே, வட்டமாக, கம்பளித் துணி மாதிரி, அது. எல்லாம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர், என்று விற்கும் கடை ஒன்று நமக்கு இருக்கிறது அல்லவா, அங்கே வாங்கினேன். இப்போது அது இரண்டு வெள்ளி இல்லை. 2 வெள்ளி 18 காசு. பொருள் சேவை வரி 2023இல் எட்டு விழுக்காடு, 2024இல் ஒன்பது, அதுதான் மேலே ஏறியிருக்கிறது. அந்தப் பதினெட்டுக் காசை எடுக்க நான் பர்ஸைக் கவிழ்க்கிறேன், எனக்குப் பின்னால் வரிசை வளர்கிறது, கடைசியில் கார்டைத் தட்டினேன். ஒரு பாக்கெட்டில் பதினெட்டு வட்டம். ஒன்று பன்னிரண்டு காசு. நாலு நாற்காலிக்குப் பதினாறு போதும், இரண்டு மிச்சம். கணக்கு பார்த்தபோது வீட்டில் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

சரி, எப்போது போவது? சத்தம் வருகிற நேரத்தில் போனால் நான் கோபமாக இருப்பேன், அவர்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே ஒரு மாடி ஏறினேன். வாசலில் சிவப்பு விளக்கு எரிகிற சாமி மாடம், இரும்புக் கேட்டுக்குப் பின்னால் ஒரு சீன ஆன்ட்டி, எழுபதைத் தாண்டியிருப்பார்.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன், வெறும் கையோடு போகவில்லை. டப்பாவில் முறுக்கு எடுத்துப் போனேன். போன மாதம் உடைந்து உடைந்து வந்ததே, அந்த முறுக்கு இல்லை, இது இரண்டாவது முயற்சி. டப்பாவை நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெடாஸ்?" காரமா என்று. "தாக் பெடாஸ்" என்றேன். கேட் திறந்துவிட்டது.

முதலில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். நைட், சேர், நாய்ஸ் என்று. அவர் சிரித்துக்கொண்டே "ஆ, ஆ" என்றார். இந்த "ஆ, ஆ"வை நம்பக் கூடாது. எனக்குப் புரியாத சீன மொழியில் காப்பிக்கடை அங்கிள் பேசும்போது நானும் இப்படித்தான் தலையாட்டுகிறேன், அப்புறம் என் மேசைக்குப் பால் போட்ட கோப்பி வருகிறது. புரிகிறதா என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் தேக்கா சந்தை மலாய். அந்தக் காலத்து ஆட்களுக்கு அது போதும், இந்த ஆன்ட்டிக்கும் நன்றாகவே வந்தது. "ஆன்ட்டி, திடூர் புக்கோல் பெராப்பா?" எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று கேட்டேன். "செம்பிலான்" என்றார்.

ஒன்பது மணி.

அங்கேயே எனக்குப் பாதி கதை புரிந்துவிட்டது. ஒன்பது மணிக்குத் தூங்குகிறவர் பதினொன்றேகாலுக்கு எப்படி நாற்காலி இழுப்பார்? இருந்தாலும் கையில் பாக்கெட் இருக்கிறதே. அதை மலாயில் என்னவென்று சொல்வது? தெரியாது. அதனால் சுற்றி வளைத்தேன். நாற்காலிக்கு குருசி. போட்டுக்கொள்வதற்கு பாக்காய். காலுறைக்கு ஸ்டோக்கின். "குருசி பாக்காய் ஸ்டோக்கின்!" நாற்காலி காலுறை போடட்டும் என்று என் காலையே தூக்கிக் காட்டினேன். ஆன்ட்டி முறுக்கு டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அவருக்கு இருமலே வந்துவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்ச் சாப்பாட்டு மேசையைக் காட்டினார். நாலு நாற்காலி, பதினாறு கால், ஒவ்வொன்றிலும் கீறிச் செருகிய டென்னிஸ் பந்து.

இவர் வீட்டு நாற்காலி நகர்ந்தால் எறும்புக்குக்கூடக் கேட்காது! நான் மட்டும் "ஏன் இழுக்கிறீர்கள்" என்று ஆரம்பித்திருந்தால்? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அடுக்குமாடியில் சத்தம் நேர்கீழாக இறங்க வேண்டும் என்று சட்டமில்லை, கான்கிரீட்டில் சாய்வாகவும் ஓடிவரும். ஆன்ட்டி பக்கத்துச் சுவரைக் காட்டி, "சிபெலா. பூடாக் கெர்ஜா மாலாம்" என்றார். பக்கத்து வீடு, ராத்திரி வேலைக்குப் போகிற பையன்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். மறுநாள் சாயங்காலம் போய்ப் பக்கத்து வீட்டைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் தமிழ்ப் பையன், புதுக்கோட்டைப் பக்கம், நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பாடா, நம் ஆள், இனி மலாய் தேட வேண்டாம் என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது: "ஏன்பா, ராத்திரியில இப்படி நாற்காலியை இழுக்கிறீங்க?"

பையன் முகம் இறுகிவிட்டது. "எல்லா வீட்லயும்தான் சத்தம் வருது அக்கா" என்றார். கை கதவின் மேல் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். ஆன்ட்டியிடம் எனக்குச் சொல்லே இல்லை, அதனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். இவரிடம் சொல் கொட்டிக் கிடந்தது, அள்ளி வீசிவிட்டேன். முறுக்கும் கொண்டுபோகவில்லை.

ஒரு நொடி நின்றேன். அப்புறம், "இல்ல தம்பி, நான் ஆரம்பிச்சதே சரியில்லை. மன்னிச்சுக்கோங்க. வேலைக்குக் கிளம்புறீங்களா, இப்பதான் வந்தீங்களா?" என்றேன். கிளம்புகிறாராம், இன்னும் சாப்பிடவில்லை. முந்தைய ஷிப்ட் முடித்து ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு பேர் வருவார்கள், அப்போதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. அவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்: "அப்ப பதினொரு மணிக்குத்தான் உங்களுக்குச் சாப்பாட்டு நேரம்." "ஆமாக்கா" என்றார். கதவிலிருந்து கை இறங்கியது. அப்புறம்தான், எனக்குக் காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், அந்த நேரத்தில் சத்தம் வந்தால் தூக்கம் போய்விடுகிறது, இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். வழி இருக்கிறதா என்று கேட்டதும் பையன் உள்ளே போய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்துக் காட்டினார்.

மடக்கு முக்காலி. குழாய்க் கால். அடியில் இருந்த ரப்பர் மூடிகள் எப்போதோ கழன்று போய், இரும்பு நேராகத் தரையில். நான் பெருமையாகப் பாக்கெட்டை எடுத்தேன். ஒட்டவில்லை. வட்டம் பெரிசு, குழாய் சின்னது, அதுவும் ஓட்டை. பதினெட்டில் ஒன்றுகூட உட்காரவில்லை! 2 வெள்ளி 18 காசு! பையனே "பரவால்லக்கா, ரெண்டு நாள் கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். சின்ன வயதில் எங்கள் பள்ளிச் சுவரில் மரியாதையாகப் பேசச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்குமே சிங்கா சிங்கம், மரியாதை இயக்கத்தின் சின்னம், 1982இல் வந்தது, அது 2013இல் களைத்துப்போய் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதியது. அந்தப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதன் மேல் ரொம்பப் பரிவாக இருந்தது.

இரண்டு நாளெல்லாம் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரியே பதினொன்றேகாலுக்குச் சத்தம் இல்லை. மறுநாள் முறுக்கு எடுத்துக்கொண்டு போனேன் (கடன் தீர்க்க வேண்டாமா?), கதவு திறந்திருந்தது. முக்காலிக் கால் ஒவ்வொன்றிலும் பழைய காலுறை, மேலே ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒன்றில் கோடு போட்டது, ஒன்றில் கட்டைவிரல் ஓட்டை. நான் ஆன்ட்டி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி கேட்டுக்குப் பின்னால் நின்று, "ஸ்டோக்கின்!" என்றார்.

அந்தப் பாக்கெட்டா? தூக்கிப் போட எனக்கு மனசு வருமா? நம் வீட்டு நாற்காலிகளிலேயே ஒட்டிவிட்டேன், பதினாறு. மிச்சம் இரண்டும் இதோ, இந்த ஸ்டூலுக்கு. மூன்றாவது கால் வெறும் கால்தான், அதை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முடிப்பதற்கு முன்னால் இன்னொன்று, இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இன்றைக்கு லிஃப்டில் கீழ்வீட்டு மச்சிக்கை, அந்த மலாய் அம்மாவைப் பார்த்தேன். மூன்று வருஷமாகப் பார்த்தால் சிரிப்பார், சாப்பிட்டாயா என்பார், அவ்வளவுதான். இன்றைக்கு என் கையைத் தட்டி, "இப்போது ராத்திரியில் நன்றாகத் தூக்கம் வருகிறது, தெரிமா காசே" என்றார்.

எனக்கு எதற்கு நன்றி என்று லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் உறைத்தது. மூன்று வருஷம்! ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த அம்மா. சரி, எண்ணெய் காய்கிறது, நான் முறுக்கு பிழியப் போகிறேன்.