பழைய குத்துச்சண்டைக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வந்து நிற்பது அவருடைய கணக்குதான். மொத்தம் இத்தனை சண்டை, இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி, அதில் எதிராளியை எழ முடியாமல் வீழ்த்திய நாக் அவுட் இத்தனை. இன்றைய வீரர்களைப் பொறுத்தவரை இதில் பெரிய சிக்கல் இல்லை. மேற்பார்வை செய்ய ஆணையம் இருக்கிறது, நடுவர்களின் மதிப்பெண் தாள் இருக்கிறது, சந்தேகம் வந்தால் போட்டுப் பார்க்க ஒளிப்பதிவும் இருக்கிறது. ஆனால் நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு சண்டையிட்டவர்களுக்கும் இதே போல ஒரு வரியை எழுதி, இன்றையவர்களின் வரிக்குப் பக்கத்தில் வைத்து, யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது அந்தப் பழைய வீரர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த வரி எப்படி உருவானது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1911 முதல் 1917 வரை ஃபிராலி சட்டம் என்று ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. குத்துச்சண்டை நடத்தலாம், ஆனால் பத்துச் சுற்றுகளுக்கு மேல் போகக்கூடாது, பத்துச் சுற்றும் முடிந்தால் வென்றவர் யார் என்று நடுவர் அறிவிக்கவும் கூடாது. நடுவர்களை விலைக்கு வாங்குவதும் முடிவின் மீது பணம் கட்டிச் சூதாடுவதும் பெருகிப்போயிருந்த காலம் அது. தீர்ப்பே இல்லையென்றால் எதை விலைக்கு வாங்குவார்கள் என்பது சட்டம் போட்டவர்களின் எண்ணம். வேறு பல மாநிலங்களிலும் இதே வழக்கம் இருந்தது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடைசி மணி அடிக்கிறது. இரண்டு பேரும் முகம் வீங்கி, மூச்சு வாங்கியபடி அவரவர் மூலைக்குப் போகிறார்கள். நடுவர் யாருடைய கையையும் உயர்த்துவதில்லை. கூட்டம் கலைகிறது. மேடையை ஒட்டிப் போட்ட மேசைகளில் உட்கார்ந்திருந்த நிருபர்கள் மட்டும் வேலையை முடிக்கவில்லை. யாருக்கு எத்தனை சுற்று என்று தாங்கள் குறித்து வைத்ததைக் கூட்டிப் பார்த்து, தந்தி மூலம் பத்திரிகைக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் காலையில் வரும் அந்தச் செய்திதான் தீர்ப்பு. பணம் கட்டியவர்கள் எந்தப் பத்திரிகையின் முடிவை ஏற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். சூதாட்டம் நிற்கவில்லை; தீர்ப்புச் சொல்பவர்தான் மாறினார்.

ஒரே சண்டையை இரண்டு நிருபர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது சாதாரணம். ஹாரி கிரெப், ஜீன் டன்னி ஆகிய இருவரும் ஐந்து முறை மோதினார்கள். 1922-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சண்டையில் கிரெப் வென்றார். டன்னி தம் தொழில்முறை வாழ்வில் அடைந்த ஒரே தோல்வி அதுதான். 1924 செப்டம்பரில் கிளீவ்லாந்து நகரில் அவர்கள் நான்காவது முறையாக மோதியபோது அது தீர்ப்பில்லாத பத்துச் சுற்றுச் சண்டை. யார் வென்றார் என்பதில் பத்திரிகைகள் பிளவுபட்டன. கிரெப் 1913 முதல் 1926 வரை ஏறத்தாழ 300 முறை மேடையேறியவர். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படித் தீர்ப்பில்லாமல் முடிந்தவை. பழைய பதிவேட்டைப் புரட்டினால் அந்த இடங்களில் முடிவு இல்லை என்ற குறி மட்டும் இருக்கும். புதிய தொகுப்பாளர்கள் பத்திரிகைக் கருத்துகளை வெற்றி தோல்வியாக எண்ணினால் அதே மனிதரின் கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள் கூடுகின்றன. எது சரி என்று சரிபார்க்க ஒளிப்பதிவும் கிடையாது. கிரெப் பயிற்சி செய்யும் சில காட்சிகள் உண்டு; அவர் சண்டையிட்ட படம் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த விதி வீரர்கள் சண்டையிட்ட முறையையே மாற்றியது. தீர்ப்பு இல்லாத சண்டையில் சாம்பியன் பட்டத்தை இழக்க வேண்டுமானால் நாக் அவுட் ஆக வேண்டும், அல்லது விதியை மீறித் தகுதியிழக்க வேண்டும். வேல்ஸ் நாட்டவரான ஃப்ரெடி வெல்ஷ் 1914-ல் லைட்வெயிட் எடைப் பிரிவின் பட்டத்தை வென்ற பிறகு அமெரிக்காவில் ஆடியவை பெரும்பாலும் இத்தகைய சண்டைகள்தான். தற்காப்பில் தேர்ந்தவர், அடிபடாமல் பத்துச் சுற்றைக் கடந்தால் பட்டம் பத்திரம். 1916 மார்ச்சில் பென்னி லெனர்ட் அவரைவிடச் சிறப்பாக ஆடினார் என்று பத்திரிகைகள் எழுதின. பட்டம் வெல்ஷிடமே இருந்தது. 1917 மே மாதத்தில் லெனர்ட் அவரை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்திய பிறகுதான் பட்டம் கைமாறியது. வெல்ஷ் அந்தச் சண்டைகளில் வெல்ல முயன்றாரா, பட்டத்தைக் காக்க மட்டும் முயன்றாரா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒரு வீரரைப் பற்றிச் சொல்கிறேன். சாம் லாங்ஃபோர்ட். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினத்தவர். பிறந்த ஆண்டே 1883 என்றும் 1886 என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. 1906 ஏப்ரல் 26 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி நகரில் அவர் ஜாக் ஜான்சனை எதிர்த்துப் பதினைந்து சுற்றுகள் ஆடித் தோற்றார். ஜான்சன் அவரைவிட உயரம், எடையும் மிக அதிகம். இரண்டே ஆண்டுகளில், 1908 டிசம்பரில், சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜான்சன் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதன் பிறகு லாங்ஃபோர்டுக்கு அவர் வாய்ப்பே தரவில்லை.

லாங்ஃபோர்டின் மேலாளர் ஜோ உட்மன் அப்போது ஒரு கதையைப் பரப்பினார். செல்சியில் லாங்ஃபோர்ட் ஜான்சனைக் கீழே தள்ளினார், உண்மையில் வென்றவர் லாங்ஃபோர்ட்தான் என்பது அந்தக் கதை. பல ஆண்டுகள் அது புத்தகங்களில் ஏறி வரலாறாகவே உலவியது. ஆனால் சண்டை நடந்த நேரத்துப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் ஆறாவது சுற்றில் தரையில் விழுந்தவர் லாங்ஃபோர்ட். ஜான்சனின் வெற்றி தெளிவானது.

உட்மன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கறுப்பின வீரர்களுக்குப் பட்டச் சண்டையின் கதவை அடைத்து வைத்திருந்த காலத்தில், ஜான்சனைச் சண்டைக்கு இழுக்க அவரிடம் இருந்த ஆயுதம் அந்தக் கதை ஒன்றுதான். ஆனால் அந்தக் கதையால் நஷ்டப்பட்டவர் லாங்ஃபோர்டே. தன்னைவிட அவ்வளவு பெரிய ஓர் ஆளிடம் அடி வாங்கி, விழுந்து, எழுந்து, பதினைந்து சுற்றும் நின்றாரே, அதுவல்லவா பெருமை? பொய்யான வெற்றி அந்த உண்மையான தோல்வியை மறைத்துவிட்டது.

பட்ட வாய்ப்பு கிடைக்காததால் லாங்ஃபோர்ட், ஹாரி வில்ஸ், சாம் மெக்வே, ஜோ ஜெனெட் ஆகிய கறுப்பின வீரர்கள் ஒருவரோடொருவர் மீண்டும் மீண்டும் மோத வேண்டியிருந்தது. லாங்ஃபோர்டும் வில்ஸும் எத்தனை முறை மோதினார்கள் என்ற கேள்விக்கே புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறது. பாரிஸ், சிட்னி, புவெனஸ் அயர்ஸ், மெக்சிகோ என்று ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஆடியவர்கள் அவர்கள். 1917-ல் ஃப்ரெட் ஃபுல்டனுடன் நடந்த சண்டையில் லாங்ஃபோர்டுக்கு ஒரு கண் பறிபோனது. அதற்குப் பிறகும் பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். கடைசிக் காலத்தில் எதிராளியே சரியாகத் தெரியாத நிலையில் ஆடினார். அப்போது வந்த தோல்வியும் ஒன்றுதான், பார்வை முழுதாக இருந்தபோது வந்த தோல்வியும் ஒன்றுதான் என்று கூட்டிக் கழித்து எழுதப்பட்டதுதான் அந்த வரி.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மேலும் மோசம். பல இடங்களில் சண்டை நடத்துவதே குற்றம். 1901 பிப்ரவரியில் டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் ஜோ சொயின்ஸ்கியும் ஜாக் ஜான்சனும் மோதினார்கள். ஜான்சன் மூன்றாவது சுற்றில் வீழ்ந்தார். உடனே காவலர்கள் மேடையேறி இருவரையும் கைது செய்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். 1889 ஜூலையில் மிசிசிப்பியின் ரிச்பர்க்கில் நடந்த ஜான் எல். சல்லிவன், ஜேக் கில்ரெய்ன் சண்டைக்குப் போன ரசிகர்கள், எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமலே நியூ ஆர்லியன்ஸில் ரயில் ஏறினார்கள். பதிவு செய்து வைத்தால் அதுவே வழக்குக்குச் சாட்சியாகும் என்ற நிலையில் யார் ஒழுங்காகப் பதிவு வைப்பார்கள்?

அந்தச் சண்டை 75 சுற்றுகள் நடந்தது என்று படிக்கும்போது மலைப்பாக இருக்கும். வெறுங்கைச் சண்டை விதிப்படி ஒருவர் கீழே விழுந்தால் சுற்று முடிந்தது. சில சுற்றுகள் சில நொடிகளே நீடித்தன. மொத்தம் இரண்டே கால் மணி நேரம். அதே சல்லிவன் 1883, 1884 ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் சுற்றி, தம்மோடு நான்கு சுற்று தாக்குப்பிடிப்பவருக்கு 1,000 டாலர் வரை தருவதாக அறிவித்தார். மேடையேறி விழுந்த உள்ளூர் ஆட்கள் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பெயர்க் குழப்பம் தனி. வில்லியம் ஹாரிசன் டெம்ப்சி கொலராடோ, யூட்டா சுரங்க ஊர்களில் ‘கிட் பிளாக்கி’ என்ற பெயரில் ஆடினார். அவருடைய அண்ணன் பெர்னி ‘ஜாக் டெம்ப்சி’ என்ற பெயரில் ஆடினார். அந்தப் பெயரும் அவருடையதல்ல. 1895-ல் இறந்த ஒரு மிடில்வெயிட் சாம்பியனின் மேடைப் பெயர். ஒரு முறை அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி மேடையேற, பெயர் தம்பியிடம் தங்கிவிட்டது. ஆக, ஒரே பெயரில் மூன்று பேர். 1917 பிப்ரவரியில் யூட்டாவின் மர்ரி நகரில் ஜிம் ஃப்ளின் முதல் சுற்றிலேயே இந்தத் தம்பி டெம்ப்சியை வீழ்த்தியதாகப் பதிவு இருக்கிறது. பணத்துக்காக விட்டுக்கொடுத்த சண்டை என்ற சந்தேகம் அன்றே எழுந்தது, இன்னும் தீரவில்லை.

திருவிழாக் கூடாரங்களில் நடந்த சண்டைகளும் உண்டு. வேல்ஸின் ஜிம்மி வைல்ட் கூடாரங்களில் நூற்றுக்கணக்கான முறை ஆடியவர். ஒரே நாளில் பலரோடு மோதுவார். பதிவேட்டில் இருப்பது சுமார் 150 சண்டைகள். ஏப் ஹொலண்டர்ஸ்கி என்ற செய்தித்தாள் விற்பனையாளர், 1,309 முறை ஆடியதாகத் தாமே சொன்னார். அதில் ஒரு சிறு பகுதிக்குத்தான் சான்று கிடைத்திருக்கிறது.

இப்போது ஒரு நல்ல மாற்றம் நடந்துவருகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, வேல்ஸ் ஆகிய நாடுகளின் நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. ஆர்வலர்கள் ஊர் ஊராகத் தேடி, மேலாளர்கள் வசதியாக விட்டுவிட்ட தோல்விகளையும் மறந்துபோன வெற்றிகளையும் எடுத்துச் சேர்க்கிறார்கள். 2000-ல் தொடங்கிய பாக்ஸ்ரெக் இணையத் தொகுப்பு பத்திரிகைத் தீர்ப்புகளை மொத்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே குறிக்கிறது. அது மிகச் சரியான வழி. ஆனால் செய்தித்தாள் பிழைத்த ஊரில் ஆடியவரின் கணக்கு நீள்கிறது; செய்தித்தாள் அழிந்த ஊரில் ஆடியவரின் கணக்கு நீள்வதில்லை. கறுப்பின வீரர்களின் சிறிய சண்டைகளுக்கு உள்ளூர்ப் பத்திரிகைகள் பல நேரம் இரண்டு வரிக்கு மேல் இடம் தரவில்லை.

நேயர்களில் யாராவது இந்தப் பழைய வீரர்களைத் தேடிப் படிக்க விரும்பினால், மொத்த எண்ணை விட்டுவிட்டு ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி மறுநாள் வந்த இரண்டு மூன்று பத்திரிகைச் செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1924-ன் அந்தக் கிளீவ்லாந்து சண்டையிலிருந்தே தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.