மௌனம் சம்மதம் ஆகுமா?

நேயர்களுக்கு வணக்கம். பெண் பார்க்க வந்த இடத்தில், தலைகுனிந்து நிற்பவளைக் காட்டி, "மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று பெரியவர்கள் முடித்துவைப்பதை நாம் அறிவோம். அவளைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னவர்கள் குறைவு. இறந்தவரின் உறுப்புகளை எடுப்பதற்கான சட்டமும் இதே சொல்லின்மீது நிற்கும்போது எனக்கு அந்தக் கூடம் நினைவுக்கு வருகிறது.

சிங்கப்பூரில் 1987-இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, 21 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும், எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காதவரை, இசைந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். விபத்தில் இறந்தோரின் சிறுநீரகங்களோடு தொடங்கிய அச்சட்டம், 2004-இல் எல்லா வகை மரணங்களுக்கும், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. விலக்குப் பெற்றிருந்த முஸ்லிம்கள் 2008-இல் சேர்க்கப்பட்டனர். மறுத்தவருக்கே பின்னாளில் உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் வரிசையில் அவர் பின்னுக்குப் போவார். கொடுக்க மனமில்லாதவர் பெறுவதற்கு முந்தக் கூடாது என்ற நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆயினும், மறுப்புக்கு ஒரு விலை வைத்த பிறகு, மறுக்காதவரின் மௌனத்தை மனமுவந்த இசைவு என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அதை வரி என்றால் ஒப்புக்கொள்வேன். கொடை என்பதுதான் உறுத்துகிறது.

அங்கே 2007-இல், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தார், அவர் மீண்டுவிடலாம் என்ற நம்பிக்கையில், இன்னும் சிறிது பொறுக்கும்படி மன்றாடினர். உறுப்புகள் சட்டப்படி எடுக்கப்பட்டன. மருத்துவர்களைக் குறைசொல்வது எளிது. மூளைச்சாவுக்குப் பின் இதயம் செயற்கைச் சுவாசத்தின் துணையால்தான் துடிக்கிறது. இரத்த அழுத்தம் தளரத் தளர உறுப்புகள் கெடும். மறுபுறம் ஒரு நோயாளி காத்திருக்கிறார். ஆனால் மார்பு ஏறி இறங்க, உடல் சூடாக இருக்க, அதை மரணம் என்று ஏற்கத் தாய்க்கும் மனைவிக்கும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்திற்குச் சட்டத்தின் 'கருதப்படும்' என்ற சொல்லில் இடமில்லை.

பிரேசில் 1997-இல் இத்தகைய சட்டத்தை இயற்றி, மக்களின் அவநம்பிக்கை கண்டு மறு ஆண்டே கைவிட்டது. ஸ்பெயினின் 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் மௌனத்தை இசைவாகவே கொள்கிறது. எனினும் நடைமுறையில் குடும்பத்தாரைக் கேட்காமல் அங்கே உறுப்பு எடுப்பதில்லை, அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு சரி. உறுப்புக் கொடையில் உலகின் முன்வரிசையில் நிற்பதும் அந்நாடே. 1989-இல் அதன் தேசிய உறுப்பு மாற்று அமைப்பைத் தொடங்கி நடத்திய ரஃபேல் மத்தேசான்ஸ், வெற்றிக்குக் காரணம் சட்டமன்று, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தியதே என்று சொல்லிவந்தார். அவர்களின் வேலை, துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் அருகில் உட்கார்ந்து, இறந்தவர் உயிரோடிருந்தபோது இதைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்பது.