கட்டிங் பிளேயருக்குள்ள ஒரு மடிப்பு

ஆடியோ வருதா? சரி. கையில என்ன இருக்கு பாருங்க, கட்டிங் பிளேயர். நேத்து ஸ்விட்ச் போர்டு மாத்தினேன், மிச்சம் செப்புக் கம்பி இங்கேயே கெடக்கு. இதோ, மூக்கால புடிச்சு வளைக்கிறேன்... விட்டுட்டேன். வளைச்சபடியே நிக்குது பாத்தீங்களா? இப்படி வளைஞ்சு கொடுக்கிற குணத்துக்கு இங்கிலீஷ்ல 'ப்ளையபிள்'னு பேரு.

அந்த 'ப்ளை'யேதான் இந்தக் கருவியோட பேருலயும் இருக்கு. விளையாடுற பிளேயர் இல்லைங்க. 'ப்ளையர்ஸ்'. நம்ம வாயில பிளேயர் ஆயிடுச்சு. லத்தீன்ல 'ப்ளிகாரே'ன்னா மடிக்கிறது. பிரெஞ்சுல அது 'ப்ளியே' ஆச்சு, அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு. பாலே டான்ஸ்ல முட்டிய மடக்குவாங்களே, அதுவும் 'ப்ளியே'தான்.

இன்னும் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேத்து மடிச்சுட்டா காம்ப்ளிகேட்டட். ரெண்டா மடிச்சா டூப்ளிகேட். சாவிக்காரர்கிட்ட டூப்ளிகேட் போடச் சொல்றோமே, அதுக்குள்ளயும் ஒரு மடிப்பு!

இத படிச்சப்போ எனக்கு டக்குனு பொறி தட்டுச்சு. நாம 'ரெண்டு மடங்கு'ன்னு சொல்றோம்ல? காகிதம் மடங்குது, கை மடங்குது... அதே மடங்குதான். லத்தீன்காரனும் நம்மாளும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் காப்பி அடிக்கல. துணிய மடிச்சு வச்சு எண்ணினா ரெண்டு பேருக்கும் அதுதான் தோணும்போல.

ஆனா ரெஸ்யூமேல 'நான் ப்ளையபிள்'னு எழுதித் தொலைக்காதீங்க. ஃப்ளெக்ஸிபிள்னு போடுங்க, அதுதான் எடத்துக்குத் தக்க வளைஞ்சு கொடுக்கிறவர். மனுஷனப் போய் ப்ளையபிள்னு சொன்னா எடுப்பார் கைப்பிள்ளைன்னு அர்த்தம். 1678ல ஜான் பன்யன் எழுதின 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்'ல, தமிழ்ல 'மோட்சப் பிரயாணம்', ப்ளையபிள்ங்கிற பேர்லயே ஒருத்தன் வருவான். சொர்க்கத்துக்குப் போற கதாநாயகன் அதப் பத்திச் சொல்லக் கேட்டதும் அவன் கூடவே கெளம்பிடுவான். வழியில சேத்துல விழுந்தானா, தன் வீட்டுப் பக்கம் இருக்கிற கரையாப் பாத்து ஏறி ஒரே ஓட்டம்! ஊருக்குப் போனா அக்கம்பக்கத்துக்காரங்க கேலி வேற. பாவம்.

தோலு, மெழுகு, கம்பிக்கெல்லாம் ப்ளையபிள் நல்ல வார்த்தைதான். ஆனா செம்பு வளைக்க வளைக்க இறுகிடும். அதே எடத்துல முன்னும் பின்னுமா... இருங்க, இன்னொரு தடவை... ம், ஒடஞ்சிருச்சு.