டிவி டாக்டர்கிட்ட கேளுங்க: நூத்துல எத்தனை பேருக்கு?

வணக்கம்ங்க. ஏற்காட்டுல, நாகலூர் போற ரோட்டோரம் ஒரு டீக்கடையில உக்காந்திருக்கேன். பின்னாடி டிவி சத்தம் கேக்குதுங்களா? "மூணே மாசத்துல சக்கரை காணாமப் போச்சு"ன்னு ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்புடுறாரு, கீழ போன் நம்பர் ஓடுது. சக்கரை வியாதியைக் குணமாக்குறோம்னு மருந்து விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் வந்தாச்சு. அதையே இப்ப நிகழ்ச்சிங்கிற பேர்ல போடுறாங்க. வயித்தெரிச்சலா இருக்குங்க.

டிவி பார்த்து யாரு மருந்தை மாத்தப் போறாங்கன்னு நெனைக்காதீங்க. 2013ல ஆஸ்திரேலியாவுல ஏபிசி சேனல்ல, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை தேவையாங்கிற மாதிரி ரெண்டு பாகமா ஒரு நிகழ்ச்சி வந்துச்சு. அதுக்கப்புறம் 60,000 பேர் போல மாத்திரையைக் குறைச்சோ நிறுத்தியோ இருக்காங்கன்னு மருந்து வாங்கின கணக்கை வச்சு ஆய்வாளர்கள் சொன்னாங்க. சேனலே பின்னாடி அதை இணையத்துலேர்ந்து எடுத்துருச்சு. அவ்வளவு பலம் இருக்கிற பொட்டியை நல்லதுக்குத் திருப்பணும்ங்க.

இந்தத் தட்டுல 100 காப்பிக்கொட்டை இருக்கு, கேமராவுல தெரியுதுங்களா? ஒரு பேச்சுக்கு, மருந்து சாப்பிடாத 100 பேர்ல 2 பேருக்கு மாரடைப்பு வருதுன்னு வச்சுக்குங்க. ரெண்டு கொட்டையைத் தள்ளி வைக்கிறேன். சாப்பிட்டா ஒருத்தருக்குத்தான் வருது. ஒண்ணைத் திரும்பத் தட்டுல போட்டுட்டேன். இதையே "ஆபத்து பாதியாக் குறையுது"ன்னும் சொல்லலாம், அது பொய் இல்ல. ஆனா மருந்தால தப்பிச்சது நூத்துல ஒருத்தர். தட்டைக் காட்டுனா ஜனங்களுக்குப் புரியும். இதைப் பார்த்துட்டு யாரும் மாத்திரையை நிறுத்திராதீங்க. ஏற்கனவே அட்டாக் வந்தவங்களுக்குக் கணக்கே வேற, பலன் ரொம்பப் பெருசு.

இந்த மாதிரி தெளிவான கணக்கு டாக்டருங்களுக்கும் வேணும்ங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல வரிசை வாசல் தாண்டி நிக்குது, ஆராய்ச்சி எங்க படிக்கிறது? ஒரு கேள்விக்கு உலகம் பூரா நடந்த சோதனைகளையெல்லாம் தேடிச் சேர்த்து, தரம் பார்த்து முடிவு சொல்றதுக்குன்னே 1993ல காக்ரேன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அவங்க நூலகத்தை இந்தியாவுல யாரும் காசில்லாமப் படிக்கட்டும்னு 2007ல ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டி ஏற்பாடு பண்ணுச்சு. வேலூர் சி.எம்.சி.யில அந்த வேலை பாக்குறவங்களும் இருக்காங்க. ஆனா டீக்கடை டிவி வரைக்கும் அது வந்து சேரலையே!

சேலத்து லோக்கல் சேனல்காரங்களே, இந்த மாதிரி ஆராய்ச்சி முடிவை ஜனங்களுக்குச் சொல்ல, செய்திக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் குடுங்க. மொதல்ல குழந்தைங்களோட வயித்துப்போக்கை எடுத்துக்கலாம். உப்பு சர்க்கரைக் கரைசலோட துத்தநாக மாத்திரையும் குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004லயே சொல்லிட்டாங்க. ஆறு மாசம் தாண்டின குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், நம்ம ஊர்ல 14 நாள் குடுக்கச் சொல்றாங்க. ரெண்டாவது நாளே போக்கு நின்னுருச்சுன்னு அட்டையை ஓரமா வச்சுடாதீங்க. ஒரு ஸ்பூன்ல தண்ணி ஊத்தி, மாத்திரை கரையறதைக் கிட்டக் காட்டி, ஏன் 14 நாளும் குடுக்கணும்னு ஒரு குழந்தை டாக்டரை வச்சே சொல்லச் சொல்லுங்க.