ஜானகி மாத்திரைப் பக்கம் போகலையே?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, கோபிசெட்டிபாளையத்தின் இந்தக் கொசுக்கடியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கமுங்க.

‘துப்பறியும் கதைத்தொடரின் முழுச்சுவை படிப்பதிலா, கேட்பதிலா?’ என்பது தலைப்பு. கேட்பதில்தான் என்று பேச வந்திருக்கிறேன். செவிச்செல்வம் குறளைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். எங்கள் அணித்தலைவர் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். நம் கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் நாவலை பஸ் ஸ்டாண்டில் வாங்கி, ஊர் வந்து இறங்குவதற்குள் முடித்ததைச் சொன்னார். நானும் அப்படிப் படித்து வளர்ந்தவள்தான். அந்தக் கதைகளுக்கு வேகம்தான் உயிர். அதற்குக் கண்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. கொலைகாரன் யார் என்பது அதில் பாதிக் கதைதான். மீதி, அந்த ஊரும் அதன் மனிதர்களும்.

கனடாவில் லூயிஸ் பென்னி என்று ஓர் எழுத்தாளர். அவருடைய தொடரின் முதல் நாவல் 2005இல் வந்தது. கியூபெக் மாகாணத்தில் த்ரீ பைன்ஸ் என்று ஒரு கற்பனைக் கிராமம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காட்டுக்குள் அம்பு பாய்ந்து செத்துக் கிடக்கிறார். விசாரிக்க வருகிறார் தலைமை ஆய்வாளர் ஆர்மாண்ட் கமாஷ். புத்தகத்தில் பார்த்தபோது அந்தப் பெயரை ‘கமாச்சே’ என்றுதான் படித்துவைத்தேன். அவருடைய உதவியாளனை ‘ஜீன் கை’ என்று படித்தேன். புத்தகத்தை ஒருவர் வாசித்துப் பதிவுசெய்த ஆடியோவில் கேட்டால் ‘ழான் கீ’! எங்கள் அத்தையின் காதில் அது ‘ஜானகி’ என்று விழுந்தது. ஆறடி ஆம்பளை ஜானகி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

அந்த முதல் நாவலில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக் கமாஷ் நாலு வாக்கியம் சொல்லிக்கொடுக்கிறார். எனக்குத் தெரியாது. எனக்கு உதவி வேண்டும். மன்னித்துவிடுங்கள். நான் செய்தது தப்பு. படித்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த தடயம் எங்கே என்று கண் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. அப்புறம் ஈரோட்டுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேன். கவுந்தப்பாடியில் வண்டி நிற்கிறது, ஜன்னல் வழியே வெல்லம் காய்ச்சும் வாசம் வருகிறது, காதுக்குள் ஒரு மனிதர் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அன்று ஆபீசில் ஒரு பழைய தப்பை நானே போய் ஒத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? கண்ணுக்குப் பத்தி தாண்டத் தெரியும். காதுக்குத் தெரியாது.

“கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற சுகம் கேட்பதில் உண்டா?” என்று தம்பி கேட்டார். அது சுகம் இல்லைங்க, பந்தியில் இலை போட்டதும் பாயசம் எங்கே என்று கேட்கிற பழக்கம். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாவார்கள் என்பது இந்தக் கொங்கு மண்ணில் தெரியாதவர் யார்? அப்படியும் உடுக்கடிக் கதையை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேட்டு அழுதவர்கள்தானே நம் பாட்டன் பாட்டிகள்.

“தூங்கிப்போனால் கதை போயிற்றே?” என்றார். உண்மைதான். சித்தோட்டில் நானே தூங்கியிருக்கிறேன். விழித்தபோது ஒரு பிணம் கூடியிருந்தது, யாருடையது என்று தெரியவில்லை. பின்னோக்கி நகர்த்தி மறுபடி கேட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் தம்பி கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது: குரல் மாறினால்? இந்தத் தொடரின் முதல் பத்து நாவல்களை வாசித்தவர் ரால்ஃப் காஷம். 2014இல் அவர் இறந்துபோனார். பதினொன்றாவதிலிருந்து ராபர்ட் பாதர்ஸ்ட். முதல் நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். யாரோ கமாஷின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது மாதிரி இருந்தது. ஒரு வாரம் தொடவில்லை.

தினமும் சாயங்காலம் சின்ன வெங்காயம் உரிக்கும்போது அத்தைக்கு அன்றைய கதையைச் சொல்வது வழக்கம். “ஏனம்முணி, ஒரு வாரமாக் கதையே காணோம்?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை. “எங்க ஊர்ல உடுக்கடிக்கிறவர் செத்துப்போயி அவரு மகன் பாட வந்தப்ப, முதநா ராத்திரி பாதிச் சனம் எந்திரிச்சுப் போயிருச்சு. மூணாநா எடம் பத்தலை” என்றார். நான் மறுநாள் காலை பஸ்ஸில் மறுபடி போட்டேன். எனக்கு மூன்று நாள் போதவில்லை, ஒரு வாரம் ஆயிற்று. ஒரு குரலுக்காக இப்படித் துக்கம் காத்திருக்கிறேன், ஐயா. அச்செழுத்து மாறியதற்காக யாராவது காத்ததுண்டா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் இருப்பவர்தான் எங்கள் அத்தை. குண்டடிபட்ட ஜானகி வலி மாத்திரைக்கு அடிமையாகி, மீண்டு, கமாஷின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டாகிவிட்டது. அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இன்று கிளம்பும்போதும் பட்டிமன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “ஜானகி மறுபடி மாத்திரைப் பக்கம் போகலையே அம்முணி?” என்றுதான் கேட்டார். ராத்திரிக்குள் ஒரு அத்தியாயமாவது கேட்டுச் சொல்ல வேண்டும். தீர்ப்பைக் கொஞ்சம் சுருக்காகச் சொல்லிப்போடுங்க, ஐயா.