மொட்டைமாடியில் ஒரு டைனோசர்

(வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு புறாக் கூண்டு இருக்கிறது. பந்தயத்துக்கு ஹோமர் புறா விடுகிறவர்கள், குட்டிக்கரணம் அடிக்கிற கர்ணப் புறா வளர்க்கிறவர்கள் இங்கேயும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் மொட்டைமாடியில் வளர்ப்பது டைனோசர்தான்.

டைனோசர் ஊர்வன வகை என்று பள்ளியில் படித்தோம். சரிதான். ஆனால் அதைக் கேட்டதும் பெரிய ஓணான் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோமே, அங்கேதான் வழி தவறுகிறது. ஓணானுக்குக் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். டைனோசருக்கு உடம்புக்கு நேர் கீழே. கோழி நிற்பதும் அப்படித்தானே?

ஓணான், பல்லி, பாம்பு ஒரு கிளை. முதலையும் டைனோசரும் வேறு கிளை. அந்தக் கிளை ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, ஒரு பக்கம் முதலை வந்தது, மறுபக்கம் டைனோசரும், அதன் வழியில் பறவையும் வந்தன. அதனால் இன்று உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு மிக நெருங்கிய சொந்தம் பறவைதான். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போயிருப்பீர்கள். அங்கே வெயிலில் அசையாமல் கிடக்கிறதே, அதற்குப் புறாவைப் போலவே நான்கு அறை இதயம். பல்லிக்கு மூன்றுதான். தாய் முதலை முட்டைக்குக் காவல் இருக்கும். உள்ளேயிருந்து குஞ்சு கத்தினால் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவிடும்.

அடுத்த முறை முழுக்கோழி வாங்கினால் கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். உண்டிகோல் மாதிரி கவைத்த ஒரு சின்ன எலும்பு கையில் தட்டுப்படும். இரண்டு காறை எலும்புகளும் ஒட்டி ஒன்றானது அது. இந்த எலும்புக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

1861-இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற பழங்காலப் பறவையின் புதைபடிவம் கிடைத்தது. உடம்பில் இறகு, வாயில் பல், இறக்கையில் நகம், எலும்போடு நீண்ட வால். பறவைக்கும் டைனோசருக்கும் உறவு உண்டு என்று ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி அப்போதே வாதாடினார். ஆனால் டைனோசருக்குக் காறை எலும்பே கிடையாது என்று பின்னால் வந்தவர்கள் நம்பியதால், அந்த வாதம் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டது. அப்புறம் தேடத் தேட எலும்பு கிடைத்தது. டைரனோசாரஸுக்கே இருந்தது! 1969-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸ் என்ற டைனோசரை விவரித்தபோது பழைய வாதம் மறுபடி எழுந்தது. 1996-இல் சீனாவின் லியாவோனிங்கில் உடம்பெங்கும் மெல்லிய தூவியோடு சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர் கிடைத்த பிறகு, ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓவிராப்டர் என்ற டைனோசரின் கதை. 1923-இல் மங்கோலியாவில் முட்டைகளோடு கிடைத்ததால் அதற்கு முட்டைத் திருடன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1990-களில் அதே மாதிரி முட்டைக்குள் அதன் குடும்பத்துக் குஞ்சே இருந்தது தெரிந்தது. கைகளை விரித்து முட்டைகளைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய உறவுக்கார டைனோசரும் அங்கே கிடைத்தது. அடைகாக்கிற புறாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்கவே வேண்டாம்.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது மற்ற டைனோசர்களெல்லாம் போய்விட்டன. பறவைகளிலும் பல கிளைகள் அழிந்தன. தப்பிய சிலவற்றின் வாரிசுகள்தான் பழவேற்காட்டுப் பூநாரையும் காசிமேட்டுக் காக்கையும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.